கிட்ட வந்தால் கேட்காத படகு

கட்டுமாவடியில் ஒரு நாளும் கம்பத்தில் ஏறாமல் இருபத்தாறு வருடம் கேபிள் டிவி நடத்தியவர் ஜன்னத் பீவி. ஏறுவதற்கு ஆள் இருந்தது. எந்தக் கம்பத்தில் ஏறவேண்டும் என்று சொல்வதற்குத்தான் அவரை விட்டால் ஆள் இல்லை. சென்ற நவம்பரில் இறந்தார். நாலு நாள் காய்ச்சல். வயது ஐம்பத்தெட்டு.

வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. அதற்குக் கன்ட்ரோல் ரூம் என்று பெயர். கணவர் ராஜா முகமது தொடங்கிய தொழில். மூன்று வருடம் நடத்தினார். குவைத்துக்கு விசா வந்தது. "அண்ணன் மகன் பாத்துக்குவான், நீ அவனுக்குச் சோறு மட்டும் போடு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அண்ணன் மகன் இரண்டு மாதம் பார்த்தான். மூன்றாவது மாதம் பாதி ஊருக்குப் படம் தெரியவில்லை. ஜன்னத் பீவி மாடிக்கு ஏறினார். அதற்கப்புறம் இறங்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

மணமேல்குடியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பெட்டிகளோடு வந்த ஆங்கிலக் கையேடுகளை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். புரிந்ததையெல்லாம் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தார். யாராவது போன் செய்து படம் வரவில்லை என்றால் மூன்றே கேள்வி.

"கட்டங்கட்டமா ஒடையுதா, அப்படியே நின்னுபோகுதா?"

"ஒங்க வீட்டுல மட்டுமா, எதுத்த வீட்டுலயுமா?"

"காலையிலேருந்தா, மழைக்கு அப்பறமா?"

பதில் வந்ததும் லைன்மேன் கோபிநாத்தை அனுப்புவார். கோபிநாத் நேராக ஒரு கம்பத்துக்குப் போவார், ஒரு ஜாயின்ட்டைப் பிரித்துக் கட்டுவார், திரும்பி வருவார். "அந்தம்மா வீட்டுப் பக்கமே வராம எப்படிக் கண்டுபிடிச்சுச்சு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இங்கிட்டு வந்தா ஒங்க வீட்டு டிவிய மட்டுந்தான் பாக்கலாம். அங்கிட்டு இருந்தா ஊரையே பாக்கலாம்ல" என்றார் கோபிநாத்.

கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது ஜன்னத் பீவி கைக்கு ஒரு மீட்டர் வந்தது. அதன் திரையில் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு புள்ளிகள். படமும் ஒலியும் எண்களாகி, ஒவ்வோர் எண்ணும் அந்த அறுபத்து நான்கு இடங்களில் ஒன்றில் புள்ளியாக வந்து விழும். புள்ளிகள் கூர்மையாக இருந்தால் படம் சுத்தம். பஞ்சுபோலப் பரவினால் சிக்னல் இளைத்துவிட்டது. உள்ளே ஒடுங்கிக் கலங்கினால் சிக்னல் கொழுத்துவிட்டது. வழியில் சிக்னலைக் கூட்டிவிடும் ஏதோ ஒரு பூஸ்டர் தாங்கமாட்டாமல் திணறுகிறது. டிவியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் உடையும். மற்ற ஊர்களில் படம் உடைந்தால் பூஸ்டரைக் கூட்டுவார்கள். ஜன்னத் பீவி முதலில் புள்ளியைப் பார்ப்பார்.

2023-இல் படகுத் திட்டம் வந்தது. கீரனூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றும் கட்டுமாவடி நாட்டுப் படகுச் சங்கமும் சேர்ந்து, முறையாக அனுமதி வாங்கிச் செய்த சோதனை. நாற்பது ஃபைபர் படகுகள். படகுக்கொரு பெட்டி, டிபன் பாக்ஸ் அளவில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படகின் எண்ணையும் அது நிற்கும் இடத்தையும் ரேடியோ அலையில் அனுப்பும். பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டன். ஆபத்து என்றால் அமுக்கலாம். செல்போன் டவர் எட்டாத கடலிலிருந்தும் கரைக்குத் தெரிந்துவிடும்.

கரையில் இதைக் கேட்க உயரமான இடம் வேண்டும். ஜன்னத் பீவி வீட்டு மாடியில் அறுபதடி டவர் இருந்தது. ஆன்டெனாவை அவரே கட்டிக் கொடுத்தார். அதாவது, அவர் கீழே நின்று சொல்ல, கோபிநாத் மேலே கட்டினார். அங்கிருந்து கேபிள் கன்ட்ரோல் ரூமுக்கு இறங்கியது. உள்ளே சோப்பு டப்பா அளவில் ஒரு ரிசீவர், ஒரு லேப்டாப். சாஃப்ட்வேர் ரேடியோ என்றார்கள். ரிசீவர் அலையைப் பிடித்து எண்களாக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பது முழுக்க லேப்டாப்பில் ஓடும் புரோகிராம். அதனாலேயே, கோளாறு என்றால் எல்லோருக்கும் புரோகிராம் மேல்தான் முதல் சந்தேகம் விழும்.

புரோகிராம் எழுதியவள் பிரகதீஸ்வரி. திருவரங்குளத்துப் பெண், கல்லூரியில் திட்டப் பொறியாளர். முதல் நாள் லேப்டாப் திரையை எட்டிப் பார்த்த ஜன்னத் பீவி, "என்ன புள்ள, நாலே நாலு புள்ளிதானா?" என்றார்.

"நாலு போதும்மா. கடல்லேருந்து வார சிக்னலுக்கு அறுபத்து நாலு தாங்காது."

"அதுவும் சரிதான். நாலே வீடுன்னா போஸ்ட்மேன் தப்பா போட மாட்டான்."

பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

சோதனை மூன்று மாதம். தேறினால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கரையோரம் பத்து ஊருக்கு இதே ஏற்பாடு வரும். அத்தனை ஊர் ஆன்டெனாவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜன்னத் பீவிக்குத்தான் என்று சங்கத் தலைவர் ஹாஜா முகைதீன் சொல்லியிருந்தார். "கட்டுமானத்துல ஒரு பிசகு இருக்கக்கூடாதும்மா. அது ஒண்ணுதான் நம்ம கண்டிசன்" என்றும் சொல்லியிருந்தார். ஜன்னத் பீவிக்கு அந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். பெங்களூரில் சிப் சோதிக்கும் வேலையில் இருந்த மகன் நிஜாமிடம் வாரத்துக்கு மூன்று முறையாவது போனில் சொல்வார். "பத்து ஊரு தம்பி. பத்து ஊருலயும் நம்ம கட்டுன ஆன்டெனா நிக்கும்."

முதலில் ஐந்தாறு படகில்தான் பெட்டி இருந்தது. நாற்பதும் பொருத்தி முடிந்த பிறகுதான் கோளாறு வெளியே தெரிந்தது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, படகுகள் கரை திரும்பும் நேரத்தில், செய்திகள் தொலைந்தன. நூறு அனுப்பினால் முப்பது வந்தது. மற்ற நேரமெல்லாம் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு.

படகு ஓடும்போது ஆடுகிறது, ரேடியோ அலையின் அதிர்வெண் நகர்கிறது, அதை விரட்டிப் பிடிக்கப் புரோகிராம் தவறுகிறது என்பது பிரகதீஸ்வரியின் கணிப்பு. நியாயமான கணிப்புதான். நங்கூரம் போட்ட படகிலிருந்து எல்லாம் வந்தது. கரையை நோக்கி ஓடிவரும் படகிலிருந்து வரவில்லை. பஸ் மாறி மாறி அவள் கட்டுமாவடி வந்து சேரப் பதினோரு மணி ஆகிவிடும். அந்நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இருந்தும் புரோகிராமை மாற்றுவாள், சரியாகிவிடும் என்று நம்பித் திரும்பிப் போவாள். மறுநாள் காலை மறுபடி கெடும். இப்படி ஒன்பது முறை மாற்றினாள்.

"ஒம்பது தடவ அளவெடுத்தும் சட்ட சேரலேன்னா டெய்லரத்தான் மாத்தணும்" என்றார் ஹாஜா முகைதீன். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு மாடிக்கே வருவதாகச் சொன்னார். அன்றும் கெட்டால் பிரகதீஸ்வரிக்குப் பதில் வேறு ஆள்.

செவ்வாய்க்கிழமை பிரகதீஸ்வரி லேப்டாப்பைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஜன்னத் பீவி டீயை வைத்தார்.

"பெட்டி அனுப்புனது, இங்க வந்து சேந்தது, ரெண்டும் எழுதி வச்சிருப்பேல்ல? பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு."

காட்டினாள்.

"நாலர மணிக்கு நம்ம சவரியப்பன் படகு எங்க இருந்துச்சு?"

"பதினாறு கிலோமீட்டர் உள்ள."

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"அப்ப ஓடிக்கிட்டு இருந்தாரா, நின்னுக்கிட்டு இருந்தாரா?"

பிரகதீஸ்வரி வரிசையை விரலால் தேடினாள். "ஓடிக்கிட்டு. நல்ல வேகத்துல."

"ஏழே காலுக்கு?"

"ரெண்டு கிலோமீட்டர்ல. வரல."

"தூரத்துலேருந்து கேக்குது, கிட்ட வந்தா கேக்கல. இது ஆட்டம் இல்ல புள்ள. கொழுப்பு."

"யாருக்கு?"

"சிக்னலுக்குத்தான். ஒனக்குன்னு நெனச்சியா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுத்தாள். பெட்டிகளின் சக்தி மிகச் சிறியது, எவ்வளவு கிட்ட வந்தாலும் எதையும் திணறடிக்காது என்றாள். ஜன்னத் பீவி ஒத்துக்கொண்டார். பெட்டி இல்லையென்றால் வேறு எது? காலை ஏழு மணிக்கு இருந்து, பதினோரு மணிக்கு இல்லாதது எது?

அதை அந்தக் கரையில் காலையில் கண் விழிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகுகள் கரையை நெருங்கும்போதே வயர்லெஸ்ஸில் மீன் ஏஜென்ட்டுகளைக் கூப்பிடுவார்கள். நண்டு எத்தனை கூடை, இறால் என்ன ரகம், யார் வண்டி வந்து நிற்கிறது. கால் மணலில் படுவதற்குள் பாதிப் பேரம் முடிந்துவிடும். நாற்பது படகும் ஒரே நேரத்தில் கத்தும். கத்தும் சத்தம் ஜன்னத் பீவிக்குக் காக்கை கரைவது மாதிரி. தினமும் கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போயிருந்தது. பிரகதீஸ்வரிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

புதன்கிழமை மதியம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெட்டியை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி வைத்தாள் பிரகதீஸ்வரி. திரையில் நான்கு புள்ளிகளும் ஆணி அடித்ததுபோல் நின்றன. ஜன்னத் பீவி சவரியப்பனுக்குப் போன் செய்தார். சவரியப்பன் கரைக்குச் சற்றுத் தள்ளிப் படகில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வயர்லெஸ்ஸ எடுத்துப் பேசுங்க."

"யார்ட்ட?"

"யார்ட்டயும் இல்ல. சும்மா பேசுங்க."

"சும்மா என்னத்தத்தா பேசுறது? உச்சி வெயில்ல கிறுக்குப் புடிச்சிருச்சும்பாய்ங்க."

"ஒங்க தங்கச்சி மாப்பிள்ளையப் பத்திப் பேசுங்க."

சவரியப்பனுக்கு அதற்கு மேல் தூண்டுதல் தேவைப்படவில்லை. "மூணு தடவ கடலுக்குக் கூட்டிட்டுப் போனேன், மூணு தடவயும் வாந்தி எடுத்தான். இன்னைக்கு எனக்கே காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு சொல்லிக் குடுக்குறான்..."

அவர் வயர்லெஸ் பொத்தானை அழுத்தியதும் நான்கு புள்ளிகளும் நடுவை நோக்கி ஒடுங்கி, ஒன்றோடொன்று கலங்கின. மூச்சு வாங்கக் கையை எடுத்தார். நான்கும் பழையபடி நின்றன. மறுபடி தொடங்கினார். மறுபடி கலங்கின. பிரகதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"போதும்ணே!"

"இருத்தா, இன்னும் கல்யாணத்தன்னைக்கு நடந்ததச் சொல்லல."

சந்தோஷம் அடங்கியதும் பிரகதீஸ்வரியின் நெற்றி சுருங்கியது. "ஆனா இது நடக்கக்கூடாதும்மா. ரிசீவருக்கு முன்னாடி ஃபில்டர் வச்சிருக்கேன். வயர்லெஸ் பேச்ச அது வடிகட்டிரும். ஃபில்டருக்கும் முன்னாடி ஏதாவது ஒண்ணு திணறினாத்தான் இப்படி ஆகும். அங்க என்ன இருக்கு? ஆன்டெனா, கேபிள்." தான் வரைந்த வரைபடத்தை எடுத்து விரித்தாள். ஆன்டெனாவிலிருந்து ஃபில்டர் வரை ஒரே நேர்கோடு. "வெறும் கேபிள்தானேம்மா?"

ஜன்னத் பீவியின் பார்வை அலமாரிப் பக்கம் போனது.

கேபிள் வருவதற்கு முன்பே அந்தக் கரைக்கு ஆன்டெனா பழக்கம். எண்பதுகளில் கடலுக்கு அக்கரையிலிருந்து வரும் இலங்கை டிவியைப் பார்க்க வீட்டுக்கு வீடு முப்பதடிக் குழாய் நட்டார்கள். அவ்வளவு தூரத்துச் சிக்னல் இளைத்துத்தான் வரும். அதனால் குழாயின் உச்சியிலேயே, ஆன்டெனாவுக்கு அடியில், ஒரு பூஸ்டரைக் கட்டுவார்கள். அங்கே ஆன்டெனா என்றாலே பூஸ்டரும் சேர்ந்ததுதான். வேட்டி என்றால் அரைஞாண் கயிறும் சேர்ந்தது என்கிற மாதிரி. யாரும் தனியாகச் சொல்லமாட்டார்கள், யாரும் விட்டுவிடவும் மாட்டார்கள். படகுத் திட்டத்துக்கு ஆன்டெனா கட்டிய அன்று ஜன்னத் பீவியும் ஒரு பூஸ்டரைக் கோபிநாத்திடம் கொடுத்தனுப்பினார். கோபிநாத் எதற்கு என்று கேட்கவில்லை. ஆன்டெனாவுக்கு அடியில் கட்டி, மழைக்கு ரப்பர் டேப் சுற்றினார். அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர், கன்ட்ரோல் ரூம் அலமாரியில் மற்றப் பதினோரு அடாப்டர்களுக்கு நடுவே இருந்தது. இருபத்தைந்து வருடம் கொழுத்த சிக்னலையும் இளைத்த சிக்னலையும் பிரித்துப் பார்த்த கண்ணுக்கு, தன் தலைக்கு மேல் தான் கட்டியது தெரியவில்லை.

வயர்லெஸ் பேச்சு முழுதும் முதலில் அந்தப் பூஸ்டருக்குள்தான் போகிறது. அது திணறுகிறது. திணறிய பிறகு ஃபில்டர் வடிகட்டி என்ன பயன்?

"மொத நாள் போட்ட புரோகிராம் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கும்மா."

"நாளைக்கு அதப் போடு. மத்த ஒம்பதும் வேணாம். நைட்டு இங்கேயே தங்கிக்க."

சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துவிட்டு மகனுக்குப் போன் செய்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். நிஜாம் படித்தவன். கேட்டு முடித்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோளாறும் புரிந்தது, நாளைக்குக் காலை என்ன நடக்கும் என்பதும் புரிந்தது.

"அம்மா, கோபி அண்ணன இப்பவே ஏறிக் கழட்டச் சொல்லுங்க. நாளைக்கு எல்லாம் சரியா வந்துரும். அந்தப் பொண்ணுக்கும் நல்லது. யாருக்கும் தெரியாது."

"எதனால சரியாச்சுன்னும் யாருக்கும் தெரியாதே தம்பி."

"அதனால என்ன?"

"அந்தப் புள்ள, தான் மாத்துனதாலதான் சரியாச்சுன்னு நெனச்சுக்கும். பத்து ஊருக்கும் அதையே கொண்டு போகும். ஜெகதாப்பட்டினத்துல ஆன்டெனா கட்டுறவன் பூஸ்டர் இல்லாம கட்டுவானா? நம்ம ஆளுகளத் தெரியாதா ஒனக்கு? அங்க ஒருத்தன் செவப்புப் பட்டன அமுக்குறப்ப கரையில நாப்பது பேரு நண்டு வெல பேசிக்கிட்டு இருப்பாய்ங்க."

"பிசகு இருக்கக்கூடாதுன்னுதானம்மா சொன்னாங்க? பத்து ஊரு வேலை போயிருமே" என்றான் நிஜாம்.

"வேலையத்தான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார் ஜன்னத் பீவி. குரலில் கோபம் இல்லை. மகன் ஒரு கணக்கில் ஒரு படியை விட்டுவிட்டதுபோலச் சொன்னார்.

வியாழன் காலை மாடியில் பத்துப் பேர். ஹாஜா முகைதீன் நாற்காலியில். பேராசிரியர் தண்ணீர்த் தொட்டி நிழலில். சவரியப்பன் படகைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டு வந்திருந்தார். ஜன்னத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார். அத்தனை ஆண்களுக்கு நடுவே நின்று அவர் பேசியதில்லை. போனில் ஊரையே அதட்டியிருக்கிறார், அது வேறு.

ஏழு மணி. கரையில் ஏஜென்ட்டுகளின் வயர்லெஸ்கள் கத்தத் தொடங்கின. நாற்பது படகு, பத்து நிமிடத்தில் எண்பது செய்தி வரவேண்டும். இருபத்திரண்டு வந்தது.

"பாத்தீங்களா சார்?" என்று பேராசிரியர் பக்கம் திரும்பினார் ஹாஜா முகைதீன். பிரகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலைவரே, இருங்க" என்றார் ஜன்னத் பீவி. "கோபி, ஏறு."

கோபிநாத் ஏறினார். ஜன்னத் பீவி அலமாரியில் கைவிட்டு அந்த அடாப்டரைப் பிடுங்கினார். கோபிநாத் டேப்பைப் பிரித்து, பூஸ்டரைக் கழற்றி, கேபிளை நேராக ஆன்டெனாவில் முடுக்கினார். மறுபடி பத்து நிமிடம் எண்ணினார்கள். கீழே நண்டு விலை உச்சத்தில் இருந்தது. எழுபத்தொன்பது வந்தது.

"என்னம்மா அது?"

"பூஸ்டர் தலைவரே. நான் போட்டது. யார்ட்டயும் கேக்கல, யார்ட்டயும் சொல்லல. இந்தப் புள்ள வரைஞ்ச படத்துல அது இல்ல, ஏன்னா இதுக்கு அது இருக்கிறதே தெரியாது. இப்ப ஓடுறது மொத நாள் எழுதுன புரோகிராம். மொத நாளே சரியாத்தான் இருந்திருக்கு."

கீழே கரையில் ஒரு வயர்லெஸ், "ஏய், கூடைய எறக்கவா வேணாமா, சொல்லித் தொல" என்றது.

ஜன்னத் பீவி மேலே பார்த்தார். "கோபி, மறுபடி மாட்டு."

"அக்கா, வெளையாடுறீங்களா? இப்பத்தான கழட்டுனேன்!"

"மாட்டுப்பா."

"சரியாயிருச்சுல்ல, அப்பறம் எதுக்கு?" என்றார் ஹாஜா முகைதீன்.

"கழட்டுனதால சரியாச்சா, தானா சரியாச்சான்னு எப்படித் தெரியும்? கோளாறு வான்னா வரணும், போன்னா போகணும். அப்பத்தான் அது நம்ம கையில இருக்கு."

மாட்டினார்கள். எண்பதுக்கு இருபத்தைந்து. கழற்றினார்கள். எண்பதுக்கு எண்பது. கோபிநாத் இறங்கி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பூஸ்டரை மாடிச் சுவரின் மேல் வைத்தார். பேராசிரியர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இப்படித்தான் சோதிக்கணும்னு நாங்க வகுப்புல சொல்றோம்" என்றார். "திருப்பி மாட்டிப் பாத்தவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

ஹாஜா முகைதீன் அதில் மயங்கவில்லை. "எல்லாம் சரிம்மா. ஒரு பிசகும் இருக்கக்கூடாதுன்னு ஒங்கிட்டத்தானே சொன்னேன்? இத்தன நாளா இந்தப் பொண்ணப் போட்டு வறுத்தெடுத்தோம். பத்து ஊர எந்த நம்பிக்கையில ஒங்கிட்டக் குடுக்குறது?"

"நீங்க சொல்றது நியாயந்தான் தலைவரே" என்றார் ஜன்னத் பீவி. கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சவரியப்பன்தான் தொண்டையைக் கனைத்தார். "ஹாஜா, நான் ஒண்ணு சொல்றேன். தப்பே பண்ணாதவனத் தேடிப் புடிச்சு வேலயக் குடுக்கப்போறியா? குடு. அவன் எங்க இருக்கான்னு எனக்கும் காட்டு, கால்ல விழுந்து கும்புட்டுக்கிறேன். இந்தம்மா நேத்தே கழட்டி அடுப்புல போட்டிருந்தா நமக்கு என்ன தெரியும்? நான் நடுக்கடல்ல அந்தச் செவப்புப் பட்டன அமுக்குனா கரையில ஒரு ஆளு உக்காந்திருக்கணும்ல, அது இந்தம்மாவா இருக்கட்டும்."

இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஹாஜா முகைதீன் தாடியைத் தடவினார். கடலைப் பார்த்தார். "ஆறு மாசம்" என்றார். "ஆறு மாசம் பாப்போம். ஊருக்கு ஊரு நீயே நேர்ல போயி நின்னு கட்டணும். கோபிய மட்டும் அனுப்பிட்டு இங்க உக்காந்துக்கிட்டுச் சொல்ற கத கூடாது."

"கட்டுறேன்" என்றார் ஜன்னத் பீவி. "பூஸ்டர் இல்லாம."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜா முகைதீன் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு பிரகதீஸ்வரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கல்லூரியில் கொடுக்கவேண்டிய கோளாறு அறிக்கை. பத்து ஊருக்கும் இதன் நகல்தான் முதலில் போகும். கோளாறு என்ன, காரணம் என்ன, எப்படி உறுதி செய்தீர்கள் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். 'காரணமான பாகத்தைப் பொருத்தியவர்' என்ற கட்டத்தில் 'உள்ளூர்க் குழு' என்று எழுதினாள்.

ஜன்னத் பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"உள்ளூர்க் குழுன்னா யாரு?"

"பொதுவாப் போட்டேம்மா. இது பத்து ஊருக்கும் போகும்ல."

"போகட்டுமே. குடு பேனாவ."

அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் 'கோளாறைக் கண்டறிந்தவர்' என்று இருந்தது. காலியாக இருந்தது.

"இதுல ஒம் பேரப் போடு."

"நான் கண்டுபிடிக்கலையேம்மா."

ஜன்னத் பீவி யோசித்தார். பொய் எழுத வழியில்லை. அந்தக் கட்டத்திலும், அதே கையெழுத்தில், அதே நிதானத்தில், ஜன்னத் பீவி, கட்டுமாவடி என்று எழுதித் தேதி போட்டார்.